ஓமத்தில் எரிந்த ஏடும் 30 நாளில் அழிந்த பேக்கப்பும்

ஆசிரிய நண்பர்களே, தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே,

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலில் வரும் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சியை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். ஏடு தேடிப் போன ஐயர் கோயில் அதிகாரியிடம் விசாரிக்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட வேண்டும் என்பது ஆகம விதியாம், அதன்படியே செய்துவிட்டார்களாம்.

வகுப்பில் இதை எப்படி நடத்துகிறோம்? 'அறியாமையால் அழிந்த தமிழ்ச் செல்வம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். மாணவர்களும் விடைத்தாளில் அதையே எழுதுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். என் வாசிப்பை மாற்றியது ஒரு மின்னஞ்சல் சர்வர்.

தம்போய்க்கு வருமுன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தமிழ்ப் பணித்தியத்தின் மின்னஞ்சல்கள் ஒரு சிறிய சர்வரில் இருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆண்டுக்கணக்கில் அனுப்பிவைத்த இலக்கியப் பயிற்சித் தாள்கள் எல்லாம் அதில்தான். ஒருநாள் சர்வர் பழுதானது. பேக்கப்தான் இருக்கிறதே என்று திறந்து பார்த்தால், ஒன்றுமே இல்லை! யாரும் கைவைத்து அழிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு யாரோ ஒரு கடவுச்சொல்லை மாற்றியதில் புதிய காப்புப்படி எடுப்பது நின்றுபோயிருந்தது. '30 நாளைத் தாண்டியதை அழி' என்ற விதி மட்டும் தினமும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அந்த ஆசிரியையிடம் போய்ச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது ஐயரின் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். பனையோலை என்றென்றும் நிற்காது. பூச்சி அரிக்கும், ஒடியும். ஆகவே நம் முன்னோர் புதிய ஓலையில் படி எடுத்தார்கள், நைந்ததை ஆற்றிலோ தீயிலோ சேர்த்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு முறை. காலப்போக்கில் படி எடுக்கும் பழக்கம் தளர்ந்தது. கழிக்கும் பழக்கம் தளரவில்லை. அழிவு அங்கேதான். ஐயரின் சினம் அந்த விதியின் மேல் பாய்கிறது. உணர்ச்சி நியாயமானதுதான். ஆனால் விமர்சனமாக அது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பேன். கழிக்கச் சொன்ன விதி மட்டும் குற்றவாளியல்ல. 'புதுப்படி இருக்கிறதா?' என்று யாரும் கேட்காமல் கழித்ததே குற்றம்.

அதே ஐயர் வளையாபதி ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் பார்த்ததாகவும், பின்னர் தேடியபோது கிடைக்கவில்லை என்றும் பதிவு செய்திருக்கிறார். 'இருக்கிறது' என்ற நம்பிக்கை வேறு, எடுத்துப் பார்ப்பது வேறு. அவர் பதிப்புகளின் பலமே பல ஊர்ப் படிகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டதில்தான் இருக்கிறது.

சரி, நம் சர்வருக்கு வருவோம். வன்தட்டில் இடம் அளவானது. எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்பது உண்மை. ஒரு முழுப்படி 40 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்றாக 30 நாள் வைத்தால் 1,200 ஜிபி ஆகும், ஆனால் ஒரு மாதத்துக்கு முந்தியது எதுவும் கிடைக்காது. 'தாத்தா, அப்பா, மகன்' என்றொரு முறை உண்டு: தினப்படி 7, வாரப்படி 4, மாதப்படி 12. மொத்தம் 23 படி, 920 ஜிபி. இடமும் குறைவு, ஓராண்டு பின்னோக்கியும் போகலாம். மாறியதை மட்டும் எடுத்தால் இன்னும் இடம் மிச்சம். ஆனால் அது சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்வருவதை மீட்க முடியாது.

அதைவிட முக்கியம், நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 'குறைந்தது இத்தனை படி எப்போதும் இருக்க வேண்டும்' என்ற எண்ணையும் அமைத்துவிடுங்கள். புதுப்படி சரியாக விழுந்த பிறகே பழையது போக வேண்டும். அதற்குத் தட்டில் ஓரிரு படிக்காவது காலி இடம் விட்டுவையுங்கள். ஒரு படி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் போய்விட்டன. தவணைக்கு ஒருமுறையாவது ஒரு பழைய மின்னஞ்சலை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பாருங்கள்.

மாணவர்களே, திறனாய்வு வினாவில் 'அறியாமை' என்று எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பழக்கம் நின்றது, எது தொடர்ந்தது என்று கேளுங்கள். அதற்கு நூலிலிருந்தே சான்று காட்டுங்கள். அப்போது விடையில் உங்கள் சொந்தச் சிந்தனை தெரியும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பணித்தியத்தின் பேக்கப் கடைசியாக எந்தத் தேதியில் விழுந்தது? இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.