எவ்வளவு ஆகும், எங்கே கிடைக்கும்

ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் வீட்டாருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றிரண்டு நாள்தான். மண்தட்டில் போய்ப் போய்க் குந்தும், முனகும், சொட்டுக்கூட வராது. மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுபவர்கள் பாக் நீரிணையின் இரு கரையிலும் உண்டு. தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தை முடக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். மருத்துவம் என்னவோ தெளிவானதுதான். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் செருகி அடைப்பை எடுக்க வேண்டும். இரத்தம் பார்க்க வேண்டும். சில நாள் உள்நோயாளியாக வைத்து நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். பிறகு உணவை மாற்ற வேண்டும். மருத்துவர், மயக்க மருந்து, ஆய்வுக்கூடம், தங்குமிடம், தனி உணவு ஆகிய ஐந்தும் அடுத்தடுத்துத் தேவைப்படுவதால், ஓர் ஊரில் பூனைக்கு என்ன வைத்தியம் கிடைக்கும், அதற்கு என்ன விலை என்று அறிய இந்த நோய் ஒன்றே போதும். இதைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

சென்னையில் முதலில் நினைவுக்கு வருவது வேப்பேரி. 1903இல் சைதாப்பேட்டையில் சிறிய அளவில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் மருத்துவமனையில் கட்டணம் குறைவு. எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். செலவு அங்கே வேறு உருவில் வரும்: விடியற்காலையில் போய் வரிசை பிடிப்பது, ஒரு நாள் சம்பளத்தை விடுவது, நாய்களின் குரைப்புக்கு நடுவே கூடையில் நடுங்கும் பூனையை மணிக்கணக்கில் மடியில் வைத்திருப்பது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற தொண்டு அமைப்புகள் இன்னொரு கதவு. ஆனால் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகளே அங்கு நிரம்பி வழிகின்றன.

நேரம் இல்லாதவர்களுக்கும் பயந்துபோனவர்களுக்கும் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆலோசனைக் கட்டணம் சில நூறு ரூபாய் என்று தொடங்கும் கணக்கு, குழாய்க்குத் தனி, மயக்கத்துக்குத் தனி, ஒவ்வொரு நாள் தங்கலுக்கும் தனி, இரண்டாம் முறை இரத்தம் பார்க்கத் தனி என்று ஏறும். மூன்று நாளில் பில் ஐந்து இலக்கத்தைத் தொடுவது அரிதல்ல. இங்கே வரிக்கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக்கு வரிவிலக்கு தந்தார்கள். பாக்கெட்டில் விற்கும் பூனை உணவுக்கு 18 விழுக்காடு போட்டார்கள். அடைப்பு திரும்ப வராமல் இருக்க மருத்துவர் எழுதித் தரும் உணவோ மாதாமாதம் வாங்க வேண்டியது. எனவே சில வீடுகளில் சிகிச்சையைவிட அதற்குப் பிந்தைய ஓராண்டுத் தீனிதான் பெரிய செலவாகிவிடுகிறது. எப்படியாயினும் சென்னைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு ஆகும்?

யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: எங்கே கிடைக்கும்? இலங்கையின் மிருக வைத்தியர்கள் அநேகமாக எல்லோரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர்கள். பெரிய போதனா வைத்தியசாலையும் அங்கேதான். வசதியான தனியார் நிலையங்கள் கொழும்பையும் அதன் புறநகரையும் சுற்றிக் குவிந்திருக்கின்றன. வடக்கில் பிரதேசந்தோறும் அரச கால்நடை வைத்தியர் பணிமனை உண்டு. ஆனால் மாடுகளுக்குச் சினைப்படுத்தல், ஆட்டுக்குத் தடுப்பூசி, கோழி நோய் என்று அந்த வைத்தியரின் பகல் கழிந்துவிடும். பூனையைக் கொண்டு போனால் அன்பாகத்தான் பார்ப்பார். ஆனால் கடுவன் பூனைக்கு ஏற்ற மெல்லிய குழாய் கையிருப்பில் இருக்க வேண்டும், இரத்தம் அன்றைக்கே பார்க்க முடிய வேண்டும், இரவில் கவனிக்க ஆள் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வாடகை வான் பிடித்தால் போக்குவரத்துச் செலவே வைத்தியச் செலவை விழுங்கிவிடும். பொட்டாசியம் ஏறிய பூனை அந்தப் பயணத்தைத் தாங்கும் என்பதற்கும் உறுதி இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கனடாவிலிருக்கும் மகள் அனுப்பும் காசு கொஞ்ச நேரத்தில் வங்கிக்கு வந்துவிடுகிறது. குழாய் வருவதில்லை.

2022 இந்த வேறுபாட்டை அப்பட்டமாக்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மனிதர்களின் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து தீர்ந்துபோன காலத்தில் பூனையின் மயக்க மருந்துக்காக யார் குரல் கொடுப்பது? பூனைத் தீனியும் தடுப்பூசியும் கப்பலை நம்பியவை. இந்தியாவிலும் பூனைத் தடுப்பூசி பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான் என்றாலும், மயக்க மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, ஏற்றும் திரவம் போன்ற அன்றாடச் சரக்கு உள்நாட்டிலேயே தயாராகிறது. ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபா என்று பெருக்கி இரு நாட்டுப் பில்களையும் ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. சென்னையின் பில்லில் போட்டியும் பெருந்திரளும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தின் பில்லில் தூரமும் டொலரும் இருக்கின்றன.

ஆனால் எல்லைக்கோட்டை மட்டும் வைத்து இதை முடித்துவிட முடியாது. நாமக்கல்லில் 1985 முதலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் 2012 முதலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் பாக்கியசாலி. ராமநாதபுரத்துச் சிற்றூரில் இருப்பவர் கால்நடை மருந்தகத்துக்குப் போனால், மருத்துவர் எங்கோ ஒரு தொழுவத்தில் சினை ஊசி போட்டுக்கொண்டிருப்பார். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியும் முதன்மையாக ஆடுமாடுகளுக்கானது. பூனை விஷயத்தில் ராமநாதபுரம் சென்னையைவிட யாழ்ப்பாணத்துக்குத்தான் அருகில் இருக்கிறது. கொழும்பின் வசதியான வட்டாரங்களோ சென்னைக்கு அருகில் இருக்கின்றன.

காரணம் பொதுவானது. இரு நாட்டின் கால்நடைத் துறைகளும் பால், இறைச்சி, முட்டை, உழவு ஆகியவற்றுக்காகக் கட்டப்பட்டவை. மாட்டுக்கு மானியத்தோடு காப்பீடு உண்டு, ஏனெனில் மாடு செத்தால் கடன் முழுகிப்போகும். பூனை செத்தால் யாருடைய கணக்கும் முழுகாது. சட்டமும் அப்படியே நினைத்தது. விலங்கு வதைக்கு இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை. இலங்கையின் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வைத்த உச்சத் தண்டம் 100 ரூபா. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, பத்து ரூபாயாவது மதிப்புள்ள விலங்கைக் கொன்றால்தான் குற்றம் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில்தான் அந்த விலைவரம்பு நீங்கியது. சட்டம் பூனைக்கு மதிப்பிட்ட தொகையையும் மருத்துவமனை கேட்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் இருக்கும் பள்ளம் முழுவதையும் குடும்பமே தன் பையிலிருந்து நிரப்புகிறது என்பது தெரியும்.

அரசு மனம் வைத்தால் பூனைக்கும் எட்டும் என்பதற்கு இலங்கையே சான்று. 1973இல் அங்கு விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர்கள் 377 பேர். சுகாதாரத் துறை செல்லப்பிராணிகளுக்கு இலவசத் தடுப்பூசியை ஊர்ஊராகக் கொண்டுபோனதில் அந்த எண்ணிக்கை இன்று ஆண்டுக்குச் சில பத்துகளாகச் சுருங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6ஆம் தேதியை ஒட்டி நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாம்களும் அந்த வகைதான். இரண்டிலும் பூனைக்கு இடம் கிடைத்தது மனிதரைக் காக்கும் திட்டத்தின் ஓரத்தில் என்பது உண்மை. ஆயினும் பலன் பூனைக்கும் கிடைத்தது.

வீட்டுக்குள் வாதம் ஏறக்குறைய ஒன்றுதான். "ஒரு பூனைக்கு இவ்வளவா? தெருவுல வேற குட்டி கெடைக்காதா?" என்பார் சென்னை மாமா. "மனுசருக்கே ஆஸ்பத்திரியில சும்மா மருந்து குடுக்கிறாங்கள், பூனைக்குக் காசோ?" என்பார் யாழ்ப்பாணத்துப் பெரியம்மா. இந்தப் பேச்சுக்குப் பயந்து செலவைத் தள்ளிப்போடுவதுதான் மிக விலையுயர்ந்த சிக்கனம். பூனைக்குக் காய்ச்சல் என்று அங்கே பனடோலும் இங்கே டோலோவும் உடைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டும் பாரசிட்டமால்தான். அதைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம். சில்லறைக் காசு மாத்திரை ஆயிரக்கணக்கில் சிகிச்சையாக முடிகிறது. அடைப்பும் அப்படித்தான். மாடிவீட்டில் உலர்தீனி மட்டும் தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, பருத்துப்போகும் பூனைக்கு அபாயம் அதிகம். வளவில் ஓடித் திரிந்து மீன்சோறு தின்னும் பூனைக்கு அது குறைவு. பதிலுக்கு நாய்க்கடியும் வாகனமும் கிணறும் காத்திருக்கின்றன. தீனியில் ஈரம் சேர்ப்பதும், இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வைப்பதும் இரு ஊரிலும் காசில்லாத வைத்தியம்.

இரு நாட்டுக்கும் மருந்துச்சீட்டு வேறு. இலங்கைக்குத் தேவை கட்டணக் குறைப்பைவிட அண்மை: யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இரவில் விளக்கெரியும் ஒரு சிறுபிராணிப் பிரிவும், அடிப்படைக் கருவிகளின் நிலையான கையிருப்பும். தமிழ்நாட்டுக்குத் தேவை வெளிப்படை: தனியார் மருத்துவமனைச் சுவரில் கட்டணப் பட்டியல், சேர்க்கும் முன் எழுத்தில் மதிப்பீடு, மாவட்டத் தலைநகரங்களில் வேலை முடிந்து வருவோருக்கான மாலை நேரச் சேவை. மதிப்பீட்டைக் கேட்பவரைக் கஞ்சர் என்று பார்க்கும் வழக்கம் இரு இடத்திலும் ஒழிய வேண்டும். "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எது நல்லது?" என்று கேட்பது பூனை மேல் உள்ள பாசத்தைக் குறைத்துக் காட்டாது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லக்கூடிய மருத்துவரிடம்தான் அடுத்த முறையும் குடும்பம் போகும், அதுவும் நேரத்தோடு போகும்.