ஆர்சிங்க் தரும் அசட்டுத் தைரியம்

பேக்கப்புக்குத் தனி மென்பொருள் எதற்கு, ஆர்சிங்க்கில் ஒரு வரி எழுதி இரவில் ஓடும்படி க்ரானில் போட்டால் போதாதா என்று லினக்ஸ் பிரியர்கள் பெருமையாகக் கேட்கிறார்கள். பெரும்பாலும் 'டெலீட்' ஆப்ஷனோடு எழுதப்படும் அந்த வரி, ஒரு கணினியில் உள்ளதை அச்சு அசலாக இன்னொன்றில் வைத்துவிடும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட இக்கருவியின் திறமையில் ஐயமில்லை. பெரிய கோப்பில் சிறு பகுதி மாறியிருந்தால், துண்டு துண்டாகச் செக்சம் ஒப்பிட்டு மாறியதை மட்டும் அனுப்புகிறது, காசும் கேட்பதில்லை. டிஸ்க் செத்துப்போனால் மறுநாளே வேலையைத் தொடர இது நல்ல வழி. ஆனால் கோப்புகளை இழப்பது டிஸ்க் சாவதால் மட்டுமா?

கை தவறி அழிப்பது, பழையதன்மேல் எழுதிவிடுவது, ரான்சம்வேர் பூட்டிவிடுவது, கோப்பமைப்பு சிதைவது: இவற்றில் மூலக் கணினி உயிரோடுதான் இருக்கும், அதில் உள்ளது மட்டும் கெட்டிருக்கும். எது திருத்தம், எது சேதம் என்று ஆர்சிங்க்குக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே விசுவாசத்தோடு மறுபக்கம் கொண்டுசேர்க்கும். மூலத்தைப் படிப்பதில் பிழை வந்தால் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும் எச்சரிக்கை அதற்கு உண்டு. ஆனால் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் ஃபோல்டர் காலியாக நின்றால் அது பிழையே அல்ல. 'டெலீட்' ஆப்ஷன் நகலையும் காலியாக்கிவிடும். 2013 மார்ச்சில் கேடிஈ திட்டத்தின் கிட் சர்வரில் கோப்பமைப்பு சிதைந்தபோது இதே ஆபத்துதான் நேர்ந்தது. அங்கே இருந்தது ஆர்சிங்க் அல்ல, கிட் மிரர்கள். காப்பு என்று நம்பப்பட்ட அவை, மூலத்தின் சேதத்தை அப்படியே வாங்கிக்கொண்டன. சுமார் 1,500 களஞ்சியங்கள் பிழைத்தது, ஒரு சர்வரில் தற்செயலாக நல்ல நகல் மிஞ்சியிருந்ததால்தான்.

முதலில் 'ட்ரை ரன்' ஓட்டிப் பார்க்கலாமே என்பார்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் க்ரானில் அதை யார் படிப்பது? செக்சம் ஆப்ஷன் காக்கும் என்பார்கள். வழக்கமாக அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும் ஆர்சிங்க், டிஸ்க்கில் ஓசையின்றிக் கெட்ட கோப்பைக் கவனிக்காமல் விடும். செக்சம் கேட்டாலோ, வேறுபாட்டைக் கண்டுபிடித்து, கெட்டதை நல்ல நகலின்மேல் எழுதும். 'லிங்க் டெஸ்ட்' வழியாக நாளுக்கொரு ஸ்னாப்ஷாட் வைக்கலாம் என்பதே வலுவான மறுப்பு; ஆர்ஸ்னாப்ஷாட் கருவியும் இதுபோன்ற முறையில்தான் இயங்குகிறது. பழைய நிலைகள் கிடைக்கும், உண்மை. ஆனால் மாறாத கோப்பு எல்லா நாள் ஃபோல்டர்களிலும் ஹார்ட் லிங்க்காக இருக்கும் ஒரே கோப்பு. அது கெட்டால் முப்பது நாள் நகலும் ஒருசேரக் கெடும்; கெட்டதைச் சொல்லும் பதிவும் அங்கே இல்லை. அதோடு, அந்த ஒரு வரியின் எளிமையைப் புகழ்ந்தவர்களுக்கு இப்போது பழையவற்றைக் கழிக்கவும் பிழையைத் தெரிவிக்கவும் ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது.

போர்க், ரெஸ்டிக் போன்ற மென்பொருள்கள் பேக்கப்புக்கென்றே எழுதப்பட்டவை: பல நாள் நிலைகளைச் சேமிக்கின்றன, குறியாக்கம் செய்கின்றன, சேமித்தது சிதைந்திருக்கிறதா என்று சோதிக்கவும் வழி தருகின்றன. கணினிகளுக்கிடையே கோப்புகளை நகர்த்த ஆர்சிங்க்கை வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் என்று எதை வைத்திருந்தாலும், போன மாதத்துக் கோப்பு ஒன்றை இன்றே அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் உங்களிடம் பேக்கப் இல்லை.