மீட்டர் செத்த கேமரா

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே லென்ஸைப் பற்றித்தான் பேச்சு வரும். எத்தனை மில்லிமீட்டர், எஃப் எத்தனை, ஜெர்மன் கண்ணாடியா ஜப்பான் கண்ணாடியா என்று. ஐம்பது அறுபது வயதான ஒரு யந்திரத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல என்பது என் கட்சி. பழைய அம்பாசடர் வாங்கப்போகிறவர் அது என்ன வேகம் போகும் என்றா விசாரிக்கிறார்? எங்கே நின்றுபோகும், நின்றால் யார் கை வைப்பார்கள் என்றுதானே கேட்கிறார். கேமராவுக்கும் அந்தக் கேள்விதான். புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதை விட, இப்போது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதே அதன் தரம்.

இந்த வகைக் கேமராவின் முகத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் வழியே காட்சியைப் பார்க்கிறோம். சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொன்று அதே காட்சியை உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடியில் வாங்கி, நம் பார்வையின் நடுவே வெளிர்மஞ்சள் கட்டமாகக் கொண்டுவந்து போடுகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது ஒரு சிறு நெம்புகோல் உள்ளமைப்பை இம்மியளவு நகர்த்துகிறது. இரண்டாகத் தெரிந்த மூக்கு ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நாம் தூரம் அளக்கிறோமே, அதே கணக்குத்தான். ஜன்னல்களுக்கு இடையே தூரம் கூடினால் துல்லியமும் கூடும். 1932-ல் லைக்கா 2, காண்டாக்ஸ் ஆகிய இரண்டும் இந்த அமைப்பை லென்ஸோடு இணைத்துக்கொண்டு வந்தன. 1959-ல் நிக்கான் எஃப் வந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் மெல்ல, லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். பக்கம் போய்விட்டார்கள்.

போனதற்குக் காரணம் இருந்தது. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. லென்ஸில் மூடி இருந்தாலும் வ்யூஃபைண்டரில் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். சித்தி மகளின் நிச்சயதார்த்தத்தில் மூடியைக் கழற்றாமலே பதினொரு படம் எடுத்தவன் நான். தட்டு மாற்றியதற்கு என்னிடம் சாட்சி இல்லை. கிட்டத்தில் போனால் நாம் பார்க்கும் சட்டமும் ஃபிலிமில் விழும் சட்டமும் விலகிவிடும். பெரும்பாலான லென்ஸ்கள் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் நெருங்கவே விடாது. பூவையும் பூச்சியையும் தூரத்துப் பறவையையும் எடுக்க நினைப்பவர்கள் இத்தோடு கட்டுரையை மூடிவிடலாம்.

ஆனால் மனிதர்களை எடுப்பவருக்கு இதற்கு ஈடு கிடையாது. எஸ்.எல்.ஆரில் பொத்தானை அழுத்தும் கணத்தில் உள்ளே கண்ணாடி எழும்பி காட்சி இருண்டுவிடும். நாம் எடுத்த படத்தைத் தவிர மற்றதெல்லாம் நமக்குத் தெரியும். இதில் கண் சிமிட்டினாரா இல்லையா என்று அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடும். கண்ணாடி எழும் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. பல மாடல்களில் சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிவதால், உள்ளே வரப்போகிறவருக்காகக் காத்திருக்க முடியும்.

இனி நிறுவைக்கு வருவோம். நான் கையாண்ட நான்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

யாஷிகா எலக்ட்ரோ 35. 1960-களின் நடுவில் வந்து, 1973-ன் ஜி.எஸ்.என். மாடல் வரை வளர்ந்த குடும்பம். 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ். படத்தின் அழகில் இந்த நான்கில் இதற்கு நான் முதலிடம்கூடத் தருவேன். 2012-ல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் கதாநாயகன் கையில் இருந்தது இதுதான். அதற்குப் பிறகு இதைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் ஸ்பீடை அதுவே தீர்மானிக்கும், 30 விநாடியிலிருந்து 1/500 வரை. என்ன தீர்மானித்தது என்பதை நமக்குச் சொல்லாது. வெளிச்சம் அதிகமென்றால் சிவப்பு விளக்கு, குறைவென்றால் மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான். பேட்டரி போனால் எல்லாப் படமும் 1/500-ல் விழும். அதன் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடையாது. 6 வோல்ட் பேட்டரியை ஒரு உறையில் போட்டுச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது உள்ளே இருக்கும் ஒரு துண்டு ரப்பர். வயதானால் அது பொடிந்துவிடும், பொடிந்தால் ஷட்டரின் கணக்கு தப்பும். ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். கால் ரூபாய் பெறாத பொருள் முழுக் கேமராவையும் சாய்த்துவிடுகிறது. சாகும்போது மொத்தமாகச் சாகும் யந்திரம் இது. நான் தள்ளுகிறேன்.

சோர்க்கி 4 இதற்கு நேர் எதிர். மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கில் 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பெயருக்குக் கூரிய பார்வை உடையது என்று பொருள். லைக்காவை நகலெடுத்து 1934-ல் கார்க்கிவ் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளின் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய ஃபெட் கேமராவின் வம்சம். (அந்தப் பழைய ஃபெட், சோர்க்கி உடல்களில் லைக்கா என்று பொறித்து, நாஜிச் சின்னமும் போட்டு விற்பது தனித் தொழில். பித்தளை பளபளக்கும் ‘போர்க்கால லைக்கா’ மலிவாகக் கிடைத்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.) சோர்க்கியில் பேட்டரி இல்லை, வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லை. ஆகவே சாவதற்கு மின்சாரம் சார்ந்த எதுவுமே இல்லை.

அதற்காக நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது. யந்திரம் என்றால் அழியாது என்பது ஃபிலிம் பிரியர்களின் மூடநம்பிக்கை. எண்ணெய் கெட்டியாகும், பசை விடும், துணி வெடிக்கும். இதன் ஷட்டர் ரப்பர் பூசிய துணித் திரை. முன்னால் மறைக்கக் கண்ணாடி இல்லாததால், மூடி போடாமல் வெயிலைப் பார்த்து வைத்துவிட்டால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகி அந்தத் துணியைப் பொசுக்கிவிடும். நான் வாங்கியதில் யாரோ ஏற்கனவே அந்தத் திருப்பணியைச் செய்திருந்தார்கள். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் வானத்தில் இரண்டு நிலா. இரவில் விளக்கை அணைத்து, லென்ஸைக் கழற்றிவிட்டு முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தேன்; ஊசி முனை அளவில் இரண்டு ஓட்டைகள். துணிக்குப் பூசும் கறுப்புச் சாயத்தைத் தூரிகை நுனியில் தொட்டு இரண்டு பூச்சு. நிலா மறைந்தது.

அடுத்தது ஃபோகஸ். தூரத்துச் செல்பேசி கோபுரத்தைப் பார்த்து, லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தால் கோபுரம் ஒன்றாகத் தெரிய வேண்டும். எனக்கு அண்ணன் தம்பியாக இரண்டு நின்றன. மேல்மூடியைக் கழற்றாமலே அதைச் சரிசெய்யச் சிறு திருகு வைத்திருக்கிறார்கள். ஒரு கால் சுற்று, இரண்டும் ஒன்றாயின. கிட்டத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பின்பக்கத்தைத் திறந்து ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் திறந்து வைத்து, ஒரு மீட்டரில் தொங்கவிட்ட செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்தேன். இதெல்லாம் ஒரு சாதாரண ஆள் வீட்டு மேசையில் செய்யக்கூடியது என்பதுதான் சோர்க்கியின் பெருமை.

சிறுமையும் உண்டு. ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் ஸ்பீடை மாற்ற வேண்டும். முன்னால் திருகினால் உள்ளே பல் உடையலாம். அவசரத்தில் இது நினைவுக்கு வராது. ஒரு சோர்க்கியைப் போல இன்னொன்று இருக்காது. 1/1000 என்று எழுதியிருப்பதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளலாமே தவிர அளவாக அல்ல. பழுது பார்ப்பதில் சுகம் காண்பவருக்கு இது தங்கம். படம் எடுக்க நினைப்பவருக்கு, மாதம் ஒருமுறை சாப்பாடு போட வேண்டிய உறவினர்.

லைக்கா எம் 3 பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1954-ல் வந்தது. ஜன்னல்களுக்கு இடையே 68.5 மி.மீ., வ்யூஃபைண்டரில் 0.91 மடங்கு உருவம். இரண்டையும் பெருக்கினால் வரும் 62 மி.மீ. துல்லியத்துக்கு மற்ற மூன்றும் பக்கத்தில் வராது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் சட்டம் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் கீழே விழுந்தால் வ்யூஃபைண்டர் பட்டகத்தின் பசை விட்டுப்போகும், அதை மாற்றும் செலவில் இன்னொரு நல்ல கேமரா வாங்கலாம். உடலும் லென்ஸும் சேர்ந்தால் ஒரு புது ஸ்கூட்டரின் விலையைத் தாண்டும். நண்பர் ஒருவருடையதை ஒரு வாரம் வைத்திருந்தேன். மழை தூறினால் உள்ளே, கூட்டம் நெருக்கினால் உள்ளே. அந்த வாரத்தில் எடுத்தது மொத்தம் பதினான்கு படம். குற்றம் யந்திரத்துடையதல்ல, என் பர்ஸுடையது. ஆனாலும் பயன்படுத்தப் பயப்பட வைப்பதைப் பயன்பாட்டுத் தராசில் எப்படி முதலாவதாக வைப்பது?

மிச்சம் இருப்பது கேனனெட் கியூ.எல். 17, ஜி 3 மாடல். 1972-ல் வந்தது. 40 மி.மீ., எஃப் 1.7. லென்ஸைக் கழற்ற முடியாது. லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர். பொத்தானை அழுத்தினால் நகம் வெட்டும் அளவுக்குத்தான் சத்தம். எல்லா ஸ்பீடிலும் ஃப்ளாஷ் வேலை செய்யும். வெயிலைப் பார்த்தால் பொசுங்கத் துணித் திரை கிடையாது.

இதற்கும் நோய்கள் உண்டு. பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டிய நுரைப் பட்டை தாராக உருகியிருக்கும். பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுச் சுரண்டினால் ஒரு மாலை நேர வேலை. புதுப் பட்டைக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும். ஷட்டர் இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய தொல்லை. அதற்குப் பழக்கப்பட்ட கை வேண்டும். பிறகு மீட்டர். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு அளவெடுத்துச் செய்தது. சுற்றுச்சூழல் காரணமாக அந்த பேட்டரி ஒழிந்துவிட்டது. இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லி, நெகட்டிவ் வெளுத்துப்போகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், ஏறக்குறையப் பொருந்தும், ஆனால் ஸ்டிக்கரைக் கிழித்த நாளிலிருந்து அதன் ஆயுள் கரையத் தொடங்கிவிடும்.

முன்பு என் கேமராக்களைப் பார்த்துத் தந்த முதியவர் ஒருவர், மீட்டருக்காக நான் அலைந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி அதைப் போட்டு நோண்டுறீங்க? ‘ஏ’வை விட்டு நகத்திட்டு எடுங்க, அதுக்கு மீட்டரே தேவைப்படாது.” உண்மைதான். ‘ஏ’ என்ற தானியங்கி நிலையை விட்டுக் கையால் வைத்து எடுக்கும்போது கேனனெட்டின் மீட்டர் உயிரோடு இருந்தாலும் வேலை செய்யாது. செத்திருந்தாலும் ஷட்டர் 1/4 முதல் 1/500 வரை தன் பாட்டுக்கு ஓடும். நான்கு கேமராக்களில் இது மட்டும்தான் பாதி செத்தும் முழுதாக வேலை செய்கிறது.

குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1/500-க்கு மேல் ஸ்பீடு இல்லாததால், 400 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம் போட்டு நம் ஊர் உச்சி வெயிலில் நின்றால் எஃப் 16-ஐ விட்டு நகர முடியாது; லென்ஸின் 1.7 இருந்தும் இல்லாத கதைதான். 100 ஏ.எஸ்.ஏ. போட்டால் எஃப் 8 வரை இறங்கலாம். மர நிழலில் அதிலிருந்து மூன்று படி திறக்க வேண்டும் என்று நினைவில் இருந்தால் மீட்டர் வேலையில் பாதி முடிந்தது. நெகட்டிவ் ஃபிலிம் சற்றுக் கூடுதல் வெளிச்சத்தை மன்னிக்கும், குறைவைத்தான் மன்னிக்காது.

எதை வாங்கினாலும் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். ஈரத்தை அது பிடித்துவைத்து லென்ஸுக்குப் பூஞ்சை பரிமாறும். அரிசி டப்பாவும் வேண்டாம். மாவு உள்ளே போகும். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். மாதம் ஒருமுறை எல்லா ஸ்பீடிலும் வெறுமனே ஓட்டுங்கள்.

கடையில் கேனனெட்டை எடுத்தால் பின்கதவைத் திறந்து 1/4-ல் அழுத்திப் பாருங்கள், இதழ்கள் தயங்காமல் திறந்து மூட வேண்டும். இதழ்களின் மேல் எண்ணெய் மினுக்கம் இருக்கக் கூடாது. தூரத்துக் கோபுரம் ஒன்றாகத் தெரிய வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, மீட்டர் முள் மட்டும் அசையவில்லை என்று கடைக்காரர் விலையைக் குறைத்தால், முகத்தில் வருத்தத்தைக் காட்டிக்கொண்டே வாங்கிவிடுங்கள்.