காக்பிட்டை நிஜத்துக்கு ஒப்ப அமைத்தல்: சிமுலேட்டர் வழக்கம் ஒன்றின் நிறைகுறைகள்

வீட்டுக் கணினியில் ஓடும் ஃபிளைட் சிமுலேட்டரில், ஒரு விமானத்தின் காக்பிட்டைக் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் நிஜ விமானத்தில் உள்ளபடியே அமைத்துக்கொள்வது சிமுலேட்டர் ஆர்வலர்களிடம் வேரூன்றிப்போன வழக்கம். வெளிப்பூச்சை மாற்றுவது இதில் மிகச் சிறிய பகுதி. எரிபொருள் அளவு கிலோவில் தெரிகிறதா பவுண்டிலா, என்ஜின் அளவீடுகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டுள்ளனவா மேலும் கீழுமாகவா, தரையிறங்கும்போது எந்தெந்த உயரங்களைக் கணினிக் குரல் அறிவிக்கிறது, விமானியின் கண்ணெதிரே ஹெட்-அப் டிஸ்பிளே இருக்கிறதா என ஒவ்வொன்றையும் நிஜ விமானத்தோடு பொருத்திச் சரிபார்ப்பார்கள். சிலர் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. ஒரே ஒரு பதிவு எண்ணைக் குறிவைத்து அந்த விமானத்தையே நகலெடுக்கப் பார்ப்பார்கள்.

இப்படி ஒரு தேவை எழுவதற்குக் காரணம் நிஜ விமானங்களிலேயே இருக்கிறது. போயிங் 737-800 வெளியிலிருந்து பார்க்க ஒரே விமானம்தான். காக்பிட்டுக்குள் போனால் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. வாங்கும் நிறுவனம் ஆர்டர் கொடுக்கும்போதே நீண்ட பட்டியலிலிருந்து தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. சில தேர்வுகள் தனிக் கருவியாகப் பொருத்தப்படுகின்றன. சில, மென்பொருள் கோப்பாக விமானத்தில் ஏற்றப்படுகின்றன. இன்னும் சில, மின்னணுப் பெட்டியின் பின்புற இணைப்பில் எந்த ஊசிகள் தரையிணைப்புப் பெற்றுள்ளன என்பதைப் பொறுத்தவை. மின்சாரம் வந்ததும் பெட்டி அவற்றைப் படித்துத் தான் எப்படி இயங்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. இதற்குப் பின் புரோகிராமிங் என்று பெயர். என்ஜினின் உந்துவிசைகூட இப்படித்தான் தீர்மானமாகிறது. 737-800இல் உள்ள சி.எஃப்.எம்.56-7பி என்ஜின் அடிப்படையில் ஒன்றே. அதில் செருகியிருக்கும் அடையாளச் செருகியைப் பொறுத்து அது 24,200 பவுண்டு விசையும் தரலாம், 26,300 பவுண்டும் தரலாம், 27,300 பவுண்டும் தரலாம்.

இத்தகைய தேர்வு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு என்பதற்கு அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. புதிய தலைமுறை 737-700ஐ முதலில் வாங்கிய நிறுவனம் அதுதான். முதல் விமானம் 1997 டிசம்பரில் கைக்கு வந்தது. அந்த விமானத்தின் முன்பலகையில் இருந்தவை ஆறு பெரிய தட்டைத் திரைகள். வேகத்தையும் உயரத்தையும் ஒரே திரையில் நாடாக்களாகக் காட்டும் வசதி அவற்றில் இருந்தது. சவுத்வெஸ்ட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. புதிய திரைகளில் பழைய வட்ட முள் கருவிகளின் படங்களை வரையச் சொன்னது. கஞ்சத்தனமும் இல்லை, பழமைப் பற்றும் இல்லை. அதன் விமானிகள் காலையில் பழைய 737-300ஐயும் மாலையில் புதிய 737-700ஐயும் ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டிலும் கண் ஒரே இடத்தில் ஒரே வடிவத்தைத் தேடட்டும் என்பதே நோக்கம். செயற்கைக்கோள் துணையுடன் துல்லியமாக வழி பிடிக்கும் முறைகளுக்கு நிறுவனம் தயாரானபோது இந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, நாடா வடிவக் காட்சி வந்தது. ஆக, சிமுலேட்டரில் சவுத்வெஸ்ட் 737-700ஐ அமைக்க நினைப்பவர் எந்த ஆண்டின் விமானம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது.

வீட்டுச் சிமுலேட்டரில் இவ்வளவு நுணுக்கம் எப்போதும் இருந்ததில்லை. 1982இல் வெளிவந்த முதல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இருந்தது எளிய வடிவிலான ஒரு செஸ்னா. ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸுக்காக 2011இல் பி.எம்.டி.ஜி. நிறுவனம் வெளியிட்ட 737 என்.ஜி.எக்ஸ்., நிறுவன வாரியான தேர்வுகளைக் காக்பிட்டில் உள்ள கணினித் திரையிலிருந்தே மாற்றும் வசதியைத் தந்தது. ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் தனி அமைப்புக் கோப்பு. 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் அதே வழி தொடர்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைபைவயர் ஏ320இல் பின் புரோகிராம் என்ற பெயரிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. ஃபெனிக்ஸ் ஏ320 என்ஜின் வகையையே மாற்றிக்கொள்ள விடுகிறது.

இந்த வழக்கத்தின் பெரிய பலம், ஓர் அமைப்பை மாற்றும்போது அதன் விளைவும் தெரிந்துவிடுவது. 737இன் பிரேக்குகளை எடுத்துக்கொள்ளலாம். எஃகுத் தகடு, கார்பன் தகடு என இரண்டு வகை உண்டு. கார்பன் பொருத்தினால் 737-800இன் எடை ஏறத்தாழ 320 கிலோ குறையும். எடைச் சேமிப்பைவிடச் சுவையான விஷயம் தேய்மானம். எஃகு பிரேக் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறதோ அவ்வளவு தேயும். கார்பன் பிரேக் எத்தனை முறை மிதிக்கப்படுகிறதோ அத்தனை முறை தேயும். டாக்ஸிவேயில் போகும்போது எஃகு பிரேக்கை இலேசாக அடிக்கடி தொடலாம். கார்பன் பிரேக்கை அப்படித் தொட்டுக்கொண்டே போவது வீண். வேகம் கூடும்வரை விட்டு, ஒரே மிதியில் குறைத்து, மறுபடி விட்டுவிடுவதே சரி. இதைத் தெரிந்துகொண்ட ஆர்வலரின் பாதம் அன்றிலிருந்து வேறு விதமாக வேலை செய்யும். சிமுலேட்டர் விமானத்தின் தயாரிப்பாளர் தேய்மானத்தைக் கணக்கில் எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் கற்றது கற்றதுதான்.

அளவைத் தேர்வும் இப்படிப்பட்டதே. 60.5 டன் என்று கிலோக் கணக்கில் நுழைக்க வேண்டிய எடை, பவுண்டில் அமைந்த விமானத்தில் 133.4 ஆயிரம். திரையில் ஒரு சிறு எழுத்துதான் வேறுபாடு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 767 ஒன்று 22,300 கிலோ எரிபொருள் வேண்டிய பயணத்துக்கு 22,300 பவுண்டோடு கிளம்பி, 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீரத் தொடங்கி, என்ஜின்கள் நின்று, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியபடி இறங்கியது. அளக்கும் கருவி பழுதாகியிருந்தது. ஏர் கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. தரையில் கணக்குப் போட்டவர்கள் பழைய பெருக்கெண்ணையே எடுத்துவிட்டார்கள். 69 பேரும் உயிர் தப்பினர். அமெரிக்கப் பதிவு எண் கொண்ட விமானத்தைப் பவுண்டிலும், திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தைக் கிலோவிலும் ஓட்டிப் பழகும் ஒருவருக்கு இந்தச் சம்பவம் வெறும் கதையாக இருக்காது.

நிஜ விமானிகளின் வேலையில் இந்தச் சரிபார்ப்புக்கு இடம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 737இல் பறத்தல் மேலாண்மைக் கணினியை இயக்கியதும் விமானி பார்க்கும் முதல் பக்கம் ஐடென்ட் பக்கம். விமான வகை 737-800டபிள்யூ, என்ஜின் திறன் 26கே, வழித்தரவின் தேதி, மென்பொருள் பதிப்பு ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். வகையின் கடைசி எழுத்து இறக்கை நுனியில் விங்லெட் உண்டு என்பதைச் சொல்கிறது. தான் ஏறியிருப்பது எந்த விமானம் என்று உறுதிசெய்த பிறகுதான் அடுத்த பக்கம். சிமுலேட்டரில் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே தாண்டிப்போகிறவர்கள், முன்பலகைத் திருகுகளின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பதைக் காணலாம். வேடிக்கைதான்.

குறைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆர்வலருக்குக் கிடைக்கும் ஆதாரங்களில் முதன்மையானது காக்பிட் புகைப்படம். கண்ணுக்குத் தெரிவதைப் புகைப்படம் சொல்லும். குரல் அறிவிப்பைச் சொல்லாது, உந்துவிசைத் திறனைச் சொல்லாது, கோப்பில் மறைந்திருக்கும் தேர்வுகளைச் சொல்லாது. விளைவாக, படத்தில் தெரியும் அம்சங்கள் கச்சிதமாக நகலெடுக்கப்படுகின்றன. தெரியாதவை தயாரிப்பாளர் தந்தபடியே கிடக்கின்றன. தரையிறங்கும்போதைய அறிவிப்புகளை எண்ணிப் பார்த்தால் இதன் கேடு புரியும். 737இன் மூக்கைச் சற்று உயர்த்தத் தொடங்குவது ஏறத்தாழ 20 அடியில். ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று குரல் சொல்லிவரும் வேகத்திலிருந்தே விமானம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று விமானி உணர்கிறார். இடையில் நாற்பதைச் சொல்லாத விமானத்தில் அந்தத் தாளம் வேறு. இது எந்தப் படத்திலும் அகப்படாது. ஒலியோடு கூடிய காக்பிட் காணொளியைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு ஆதாரம் விமானக் கையேடு. போயிங் கையேடுகளின் முன்பகுதியில் எந்தப் பதிவு எண், எந்தத் தொடர் எண் என்ற அட்டவணை இருக்கும். உள்ளே ஒவ்வொரு வேறுபாடும் எந்த விமானத்துக்கு உரியது என்ற குறிப்பும் இருக்கும். ஐயமற்ற சான்று இதுவே. ஆனால் அது நிறுவனத்தின் உடைமை. வெளியில் சுற்றும் பிரதிகள் பெரும்பாலும் பழையவை, உரிமை மீறியவையும்கூட. எனவே பலர் யாரோ ஒருவர் உருவாக்கிப் பகிர்ந்த அமைப்புக் கோப்பை அப்படியே ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் எது சான்றின்படி வைத்தது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டும் வழக்கமே இல்லை. இந்த வழக்கத்தின் மிக மோசமான பலவீனம் இதுதான்.

ஒரே நிறுவனத்தின் விமானங்கள் ஒன்றுபோல இருக்கும் என்ற எண்ணமும் தவறு. குத்தகைக்கு வந்தவை, வேறு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டுக் கைமாறியவை எல்லாம் முதல் உரிமையாளரின் தேர்வுகளைச் சுமந்துகொண்டு வரலாம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு 2023 முதல் வந்த 737 மேக்ஸ் விமானங்களில் பல, சீன நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டவை. பயணிகள் அறையின் இருக்கை அமைப்பே அதைக் காட்டிக்கொடுத்தது.

மேசைமேல் உள்ள திரையால் முடியாத சில விஷயங்களும் உண்டு. ஹெட்-அப் டிஸ்பிளேயை 1980களிலேயே பயணியர் ஜெட்டில் கொண்டுவந்து, அடர்ந்த மூடுபனியிலும் கையால் ஓட்டித் தரையிறக்கக் கற்றது அலாஸ்கா ஏர்லைன்ஸ். அந்தக் கண்ணாடியில் தெரியும் கோடுகள் தொலைதூரத்தில் மிதப்பதுபோல் குவிக்கப்பட்டவை. ஓடுபாதையையும் கோட்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிவது அதனால்தான். தட்டையான கணினித் திரையில் இரண்டும் ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. அலாஸ்கா விமானத்தை எவ்வளவு நுணுக்கமாக அமைத்தாலும் அந்தக் கருவி பொருத்தப்பட்டதற்கான காரணம் மட்டும் வீட்டுக்கு வந்து சேராது.

விமானத் துறை இதே சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. அமெரிக்க ஒழுங்குமுறையின்கீழ் மிக உயர்ந்த டி நிலைத் தகுதி பெற்ற பயிற்சிச் சிமுலேட்டர்கூட, நிறுவனத்தின் எல்லா விமானங்களுக்கும் அச்சு அசலாக இருப்பதில்லை. விமானங்களுக்கு இடையிலான வேறுபாடுகள் பட்டியலிடப்பட்டு, ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கப்படுகின்றன. படித்துத் தெரிந்துகொண்டால் போதும் என்பவை ஏ. சிமுலேட்டரிலோ விமானத்திலோ முழுப் பயிற்சி வேண்டியவை ஈ. இந்த வேறுபாடு விமானியின் அறிவையும் கைத்திறனையும் எவ்வளவு தொடுகிறது என்பது மட்டுமே அளவுகோல். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது பொருட்டல்ல.

அற்பமாகத் தோன்றும் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவின் லயன் ஏர் 610 விமான விபத்து ஒரு கசப்பான சான்று. 737 மேக்ஸில் இரு பக்கக் காற்றுக்கோண உணரிகளும் முரண்பட்டால் எச்சரிக்கும் வசதி எல்லா விமானங்களிலும் இருக்க வேண்டியது. மென்பொருள் பிழையால், காற்றுக்கோணம் காட்டும் விருப்பக் கருவியை வாங்கியவர்களின் விமானங்களில் மட்டுமே அது வேலை செய்தது. 2018 அக்டோபர் 29 அன்று 189 பேரோடு கடலில் விழுந்த விமானத்தில் அந்தக் கருவி இல்லை, எச்சரிக்கையும் வரவில்லை. முந்தைய பறத்தலிலேயே உணரி தவறாக இருந்தும் அதைப் பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்க அந்த எச்சரிக்கை உதவாமல் போனதை இந்தோனேசிய விசாரணை அறிக்கை காரணிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

ஆர்வலர்களும் துறையின் அளவுகோலையே எடுத்துக்கொள்வது நல்லது. எடை அளவை, என்ஜின் திறன், உயர அறிவிப்புகள், முதன்மைத் திரையின் வடிவம், விமானிக்கு வழிகாட்டும் ஃபிளைட் டைரக்டர் குறி குறுக்குக்கோடாக வருகிறதா ஒற்றைக் குறியாக வருகிறதா, தேர்வு இருந்தால் பிரேக் வகை ஆகியவை ஓட்டும் கையை மாற்றுபவை. இவற்றுக்குச் சான்று தேடி அலைவது தகும். துணைக் கருவியின் சட்டக நிறம், பயன்படுத்தாத வானொலிப் பலகையின் தயாரிப்பு, துடைப்பானின் வடிவம் ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம், தவறாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அமைப்புக் கோப்பைப் பகிர்பவர்கள் ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டுப் படத்திலிருந்து வந்தது, அல்லது ஊகமா என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அடுத்து ஏற்றுபவர் எதை நம்பலாம் என்று தானே முடிவு செய்துகொள்வார்.