எஞ்சினுக்கு முன்னால் பிறந்த ரயில்

உலகத்திலேயே பழைய ரயில் பாதை எது என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், விடிய விடியப் பேசுவேன். படித்தவர்கள் உடனே ‘ஸ்டாக்டன் - டார்லிங்டன், 1825’ என்பார்கள். ஜார்ஜ் ஸ்டீவன்சன், நீராவி எஞ்சின், கூட்டம் கூடி வேடிக்கை பார்த்த முதல் பயணம் எல்லாம் மனக்கண்ணில் ஓடும். நல்லது. ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்பே, அதே வடகிழக்கு இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்துக்குத் தெற்கே மலைச்சரிவில் ஒரு பாதை போட்டுவிட்டார்கள். எஞ்சின் கிடையாது. இரும்புத் தண்டவாளம்கூடக் கிடையாது. மரத் தண்டவாளம், மரச் சக்கரம், இழுக்கக் குதிரை, ஏற்ற நிலக்கரி. பெயர் டான்ஃபீல்டு. 1725இல் போட்ட அந்தத் தடத்தில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. நான் அதில் போயிருக்கிறேன், வாய்ப்புக் கிடைத்தால் போகிறேன், உடம்பில் தெம்பு இருக்கும்வரை போவேன்!

லீட்ஸ் நகரத்து மிடில்டன் ரயில்வே அன்பர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். 1758இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதி தந்த முதல் ரயில் பாதை எங்களுடையதுதான் என்பார்கள். உண்மைதான், அந்தப் பெருமை அவர்களுக்கே இருக்கட்டும். மூத்தது மூத்ததுதான்.

இன்று ஓடுவது மூன்றே மைல். சன்னிசைடில் தொடங்கி, ஆண்ட்ரூஸ் ஹவுஸ், காஸி என்று நின்று, கிழக்கு டான்ஃபீல்டில் முடிந்துவிடும். ஊட்டி ரயில் அளவுக்கு மலைக்காட்சி எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். புல்வெளி, முள்வேலி, ஆடுகள், ஒரு குறுகலான பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். ஆனால் மரத்தண்டவாளக் காலம், குதிரைக் காலம், கயிற்றுக் காலம், நீராவிக் காலம் என்று ரயிலின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்த மூன்று மைலில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இப்படி இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் கரியிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ரயிலே கரியிலிருந்துதான் தொடங்கியது. லண்டன் மாநகரம் குளிர்காய்ந்ததும் சமைத்ததும் நியூகாசில் ஓரம் ஓடும் டைன் நதிக்கரைக் கரியில். கப்பலில் கடல்வழி வந்ததால் அதற்கு ‘கடல்கரி’ என்றே பெயர். 1666 பெருந்தீக்குப் பிறகு புனித பால் தேவாலயத்தைத் திரும்பக் கட்டியதே அந்தக் கரிமேல் போட்ட வரிப்பணத்தில்தான். அத்தனை கிராக்கி! ஆற்றோரத்தில் எளிதாகக் கிடைத்த கரியை வெட்டித் தீர்த்ததும், சுரங்கங்கள் மெல்ல மெல்ல உள்நாட்டு மேட்டுநிலத்துக்கு ஏறின. மேட்டில் கரி இருக்கிறது, பள்ளத்தில் ஆறு இருக்கிறது, நடுவில் பல மைல் சேறு. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். அந்தச் சேற்றை ஜெயிக்கத்தான் மரத் தண்டவாளம். வழவழப்பான மரத்தின்மேல் சக்கரம் உருண்டால், மண்சாலையில் இழுப்பதைப்போலப் பல மடங்கு சுமையை ஒரே குதிரை இழுத்துவிடும். பயணிகளைப் பற்றி அன்றைக்கு யாரும் நினைக்கவே இல்லை. நாம் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்கிற இந்த ரயில், பிறந்தபோது கரிமூட்டைக்காரன்!

பாதைக்குப் பின்னால் இருந்தவர்களின் கதை அதைவிட ருசி. 1726இல் லிடெல், வோர்ட்லி, போவ்ஸ் முதலிய பெரிய சுரங்கக் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கையெழுத்துப் போட்டு ஒரு கூட்டணி அமைத்தன. ‘கிராண்ட் அல்லைஸ்’ என்று ஊரெல்லாம் பேசிய கூட்டணி அது. அடுத்தவர் நிலத்தின் வழியாகக் கரி கொண்டுபோக நிலக்காரருக்கு வழிவாடகை கட்ட வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்கு வேண்டிய வழியை மட்டும் வாங்கவில்லை, போட்டியாளர்களுக்குத் தேவைப்படுகிற வழியையும் வளைத்துப்போட்டுக்கொண்டார்கள். வழி இல்லாதவன் சுரங்கத்தில் தங்கமே கிடைத்தாலும் என்ன பயன்?

இந்தக் குடும்பங்களைத் துருவத் துருவ எனக்குத் தலை சுற்றியது. அம்மைக்கு ஊசி குத்திக்கொள்ளும் வழக்கத்தைத் துருக்கியில் பார்த்துவிட்டு வந்து இங்கிலாந்தில் பரப்பிய மேரி வோர்ட்லி மான்டேகு சீமாட்டி, அந்த வோர்ட்லி வீட்டு மருமகள். இரண்டாம் எலிசபெத் ராணியின் தாயார் போவ்ஸ் வம்சத்தில் வந்தவர். ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதைக்குப் பெயர் தந்த ஆலிஸ் லிடெல், அந்த லிடெல் வம்சம். எங்கேயோ ஒரு மலைச்சரிவில் கிடக்கிற கரிவண்டிப் பாதையின் பங்காளிப் பட்டியலா இது!

வண்டியைச் சொல்லாமல் விடமுடியாது. மேலே அகன்று கீழே குறுகிய மரப்பெட்டி, நான்கு சக்கரம். ‘சால்ட்ரன்’ என்பார்கள். ஒரு நியூகாசில் சால்ட்ரன் என்பது ஏறக்குறைய 2.7 டன் கரி. ஒரு வண்டிக்கு ஒரு குதிரை, ஒரு ஆள். மேட்டில் குதிரை இழுக்கும். இறக்கத்தில் குதிரையை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். வண்டி தன் பாரத்தில் தானே உருளும். வண்டிக்காரர் ஒரு நீண்ட மரக்கட்டையின்மேல் ஏறி உட்கார்ந்து, தன் உடம்பின் எடையால் அதைச் சக்கரத்தில் அழுத்துவார். பிரேக் என்றால் அதுதான்! மழையில் நனைந்த மரத் தண்டவாளத்தில், இரண்டே முக்கால் டன் கரியோடு, ஒரு கட்டையை நம்பி மலையிறங்கிய அந்த மனிதர்களை நினைத்தால் என் உள்ளங்கை வியர்க்கிறது.

இப்போது காஸி வளைவுக்கு வருகிறேன். இங்கே என்னை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

ரயிலை விட்டு இறங்கி மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். கீழே ஓடை சலசலக்கும். ஒரு திருப்பத்தில் தலைதூக்கினால் எதிரே ஒற்றைக் கல்வளைவு, பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவு. அகலம் நூறடிக்கு மேல், உயரம் எண்பதடி. 1725-26இல் கட்டியது. உலகத்தில் இன்றுவரை நிற்கும் ரயில் பாலங்களில் இதுதான் மூத்தது. கட்டி முடித்து முப்பது வருஷம்வரை பிரிட்டனில் இதைவிட அகலமான ஒற்றை வளைவுப் பாலம் கிடையாது. இத்தனையும் எதற்காக? ராஜா போகவா, படை போகவா? கரிவண்டி போக!

கட்டியவர் ரால்ஃப் வுட் என்ற உள்ளூர்க் கொத்தனார். பார்த்துச் செய்ய முன்மாதிரி கிடையாது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு அந்த நாட்டில் யாரும் இந்த அளவுக்கு வளைவு எழுப்பியதில்லை. முன்பு மரத்தில் கட்டிய பாலம் ஒன்று இடிந்துவிட்டது. கல்லில் கட்டியதும் விழுந்துவிடும் என்ற பயத்திலேயே வுட் பாலத்திலிருந்து குதித்து உயிரை விட்டார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. அங்குள்ள கல் சூரியக் கடிகாரத்திலோ அவர் பெயரும் 1727 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதைமேல் நம்பிக்கை போய்விட்டது. தன் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு அந்த மனிதருக்குப் பெருமிதம் இருந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இருக்கட்டுமே! முந்நூறு வருஷமாக நிற்கிறதே!

பாலத்தின்மேல் இரட்டைப் பாதை. ஒன்றில் நிறைவண்டி ஆற்றுக்கு இறங்கும், மற்றதில் வெறும்வண்டி மேலே ஏறும். உச்சக்கட்டத்தில் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கடந்தனவாம். குளம்புச் சத்தம், மரம் மரத்தோடு உரசும் கிறீச்சொலி, வண்டிக்காரர்களின் அதட்டல், கரித்தூசி. பாலத்தின்மேல் நின்று கண்ணை மூடிக்கொண்டு அதையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நாயோடு நடந்துபோன ஒரு பெண்மணி என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். பரவாயில்லை. இத்தனை பாடுபட்டுக் கட்டிய பாலத்துக்குக் கிடைத்த உழைப்புக்காலம் கொஞ்சமே. அது சேவை செய்த டான்ஃபீல்டு சுரங்கம் தீப்பிடித்து மூடியதும் பாலத்துக்கு வேலை போயிற்று.

ஆனால் முதன்மைப் பாதைக்கு வேலை போகவில்லை. பாலத்துக்கு அருகிலேயே, பள்ளத்தை அடைக்க அதே காலத்தில் கொட்டிய ஒரு பிரம்மாண்டமான மண்கரை இருக்கிறது. உயரம் நூறடி, அடிப்பாகம் முந்நூறடி அகலம், ஓடை அதன் அடியில் புகுந்து போகிறது. மண்வெட்டியும் கூடையும் தள்ளுவண்டியும் கொண்டு கொட்டியது! பாலத்தைப் படம் பிடிக்கிற கூட்டம் இதைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் பாலத்துக்கு இணையான சாதனை இது. குதிரை வண்டிக்காகப் போட்ட மண், இன்று பல டன் எஞ்சினைத் தாங்குகிறது.

1830களின் கடைசியில் பிராண்ட்லிங் ஜங்ஷன் ரயில்வே பாதையை எடுத்துக்கொண்டு மரத்தை அகற்றி இரும்பு போட்டது. செங்குத்தான சரிவுகளில் கயிறு வந்தது. கிணற்று உருளையின் இரண்டு பக்கமும் வாளி தொங்குவதைப்போல, இறங்குகிற நிறைவண்டிகளின் பாரம் வெறும்வண்டிகளை மேலே இழுத்துக்கொள்ளும். செலவு கிட்டத்தட்ட இல்லை, எஞ்சினும் வேண்டாம். அதனால்தான் ஸ்டீவன்சன் எஞ்சின் கட்டிய ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும், இந்தப் பாதைக்கு எஞ்சின் வர 1881 ஆயிற்று!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டீவன்சன் தன் முதல் எஞ்சினை 1814இல் கட்டியது கில்லிங்வொர்த் சுரங்கத்தில். அந்தச் சுரங்கத்தின் முதலாளிகள் யார்? அதே கிராண்ட் அல்லைஸ்! பணம் கொடுத்து ஊக்குவித்தவர் அதே லிடெல் குடும்பத்துப் பிரபு. 1726இல் மரத்தண்டவாளத்துக்குக் கையெழுத்துப் போட்ட கூட்டணிதான் 88 வருஷம் கழித்து நீராவிக்கும் பணம் போட்டது. இதைப் படித்த அன்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு வடகிழக்கு ரயில்வே, எல்.என்.இ.ஆர்., பிரிட்டிஷ் ரயில்வே என்று கை மாறி, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட, 1964இல் பாதையும் மூடியது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதையை உயிர்ப்பித்தவர்கள் உள்ளூர் ரயில் அன்பர்கள். 1970களிலிருந்து பாதையை மீண்டும் போட்டு, 1990களின் தொடக்கத்தில் காஸியையும் கிழக்கு டான்ஃபீல்டையும் தொட்டார்கள். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கரிபூசிய கையும்தான் கூலி.

ஆண்ட்ரூஸ் ஹவுஸ் நிலையத்தின் அருகே மார்லி ஹில் லோகோ ஷெட். 1854இல் கட்டியது, இன்றும் அதே வேலையில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எண்ணெய், கரிப்புகை, ஈர நீராவி மூன்றும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். அதைப் பாட்டிலில் அடைத்து விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்! மேலே ஓடும் தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி லேத்தையும் துளையிடும் எந்திரத்தையும் சுழற்றும் பழைய பட்டறையும் உண்டு. அங்கே நிற்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவை எக்ஸ்பிரஸ் ரயில் இழுத்த பிரபலங்கள் அல்ல. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் எரிவாயு ஆலையிலும் மாடாய் உழைத்தவை, அவற்றில் பல டைன் கரையிலேயே பிறந்தவை. 1891ஆம் வருஷத்து ‘ட்விஸெல்’, 1927ஆம் வருஷத்து ‘ஸ்டாக்ஷா’, 1948ஆம் வருஷத்து ‘சர் சிசில் ஏ. காக்ரேன்’. குட்டையான, தோளில் தண்ணீர்த் தொட்டி சுமந்த, பிடிவாதக்கார எஞ்சின்கள்.

பெட்டிகளும் மரம். விக்டோரியா காலத்து நான்கு சக்கரப் பெட்டி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே வரும், தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் தட்டும். ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும் சத்தம் பள்ளத்தாக்கில் மோதித் திரும்பும்போது நான் அந்தக் காலப் பல்லவன் பஸ் கண்டக்டரைவிட அதிகமாக வெளியே தொங்கிவிடுவேன். “சார், தலையை உள்ளே வையுங்கள்” என்று சிரித்துக்கொண்டே கார்டு சொல்வார்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பாதை இறக்கிய கரிக்கு விலை கொடுத்தவர்கள் முதலாளிகள் அல்ல. பக்கத்து ஸ்டான்லியில் 1909 பிப்ரவரியில் நடந்த சுரங்க வெடிப்பில் 168 பேர் செத்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. மார்லி ஹில் சுரங்கமும் 1983இல் மூடிவிட்டது. ஆகவே எனக்கு இது வெறும் புகைவிடும் பொம்மை ரயில் அல்ல. பரம்பரை பரம்பரையாக ஒரு வட்டாரமே கரியை வெட்டி, ஏற்றி, இறக்கி, அதன் வழியே தண்டவாளம் என்ற யோசனையை வளர்த்தெடுத்ததற்குச் சாட்சி.

நியூகாசில் பக்கம் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள், பெரும்பாலும் அன்றுதான் ஓடும். முதலில் ஷெட், அப்புறம் சவாரி. காஸியில் இறங்கி அடுத்த வண்டி வரும்வரை நன்றாக நடங்கள். கீழே ஓடைவரை இறங்கி வளைவை அடியிலிருந்து பாருங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். கண்ணில் கரித்துகள் விழும், அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்!