சீப்பு மேல் கத்திரி: தெருமுனை சலூனை எப்படி ரசிப்பது?

தெருமுனை சலூனில் பெஞ்சு நிறைய ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரலாம்" என்று திரும்பிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கச்சேரி நடக்கிற வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே கூட்டமாக இருக்கிறதே என்று வீட்டுக்குத் திரும்புகிறவரை என்னவென்று சொல்வது? பெஞ்சில் காத்திருக்கிற முக்கால் மணி நேரம்தான் சலூனில் கிடைக்கிற பெரிய லாபம். நாற்காலியில் ஏறிவிட்டால் ஒன்றும் பார்க்க முடியாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பீர்கள், தலையைக் குனியச் சொல்லியிருப்பார்கள், கண் இமையில் முடி உட்கார்ந்திருக்கும். அடுத்தவர் தலையில் நடக்கும்போதுதான் வேலை தெரியும்.

இருபது வயதுக்காரர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. ஏசி அறை, கறுப்பு நாற்காலி, சுவரில் கால்பந்து வீரர் படம் என்று இருக்கிற கடைக்குப் போய், இரண்டு மூன்று மடங்கு காசு கொடுத்து, மெஷின் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு டிரிம்மர் வாங்கியவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. காசு அவர்களுடையது, தலையும் அவர்களுடையது. ஆனால் தெருமுனை சலூன் என்றால் மலிவு, அவ்வளவுதான் என்று இவர்கள் நினைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடிப்படைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் மந்தம். ஞாயிறு கூட்டம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி வெகுநேரம் விளக்கு எரியும், ஆனால் அன்றைக்கு எல்லா வேலையும் ஓட்டம்தான், பார்க்கப் போகாதீர்கள். புதன்கிழமை காலை நல்லது. அதைவிட நல்லது கார்த்திகையும் மார்கழியும். ஊரில் பலர் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்த்துக்கொண்டிருப்பார்கள், கடை காற்று வாங்கும். வந்த தலைக்குச் சலூன்காரர் நிதானமாக நேரம் கொடுப்பார். பெஞ்சில் தினத்தந்தி கிடக்கும். 1960 முதல் முடியாமல் ஓடுகிற கன்னித்தீவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள். போனையும் பையில் போட்டுவிடுங்கள்.

சுவரில் விலைப்பட்டியல் தொங்கும். பெரும்பாலும் ஊர்ச் சங்கம் கூடிப் பேசி வைத்த விலை. பேரம் பேசாதீர்கள். முன்பு கிராமங்களில் முடி வெட்டுகிறவர்தான் வீடு வீடாகப் போக வேண்டும். கொல்லைப்புறத்தில், மரத்தடியில் குந்தி உட்கார்ந்து வெட்ட வேண்டும். அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடுகிற நெல்தான் கூலி. நாற்காலியும் கடையும் வந்த பிறகு நாம் அவர் இடத்துக்குப் போகிறோம், அவர் எழுதி மாட்டிய விலையைக் கொடுக்கிறோம், அவர் குனியச் சொன்னால் குனிகிறோம். அந்தப் பலகையை நான் மரியாதையோடு பார்ப்பது இதனால்தான். ஆனால் தலித் என்று தெரிந்தால் முடி வெட்ட மறுக்கிற கடைகள் இன்னும் சில கிராமங்களில் இருக்கின்றன. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அப்படிப்பட்ட கடையில் கத்திரி எத்தனை அழகாகப் பேசினாலும் எனக்கு அங்கே ரசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.

சவரம். முகத்தை நனைத்து, பிரஷ்ஷைச் சுழற்றி நுரை ஏற்ற வேண்டும். இதில் அவசரப்படுகிறவர் கையில் கன்னத்தைக் கொடுக்காதீர்கள். பிளேடை உங்கள் கண் முன்னால் எடுக்க வேண்டும். காகித உறையோடு நீளவாக்கில் மடக்கி 'டக்'கென்று ஒடித்து, பாதியைக் கத்தியில் மாட்டுவார். இந்தப் பாதி பிளேடுக்கு முன்னால் தோல் வாரில் தீட்டுகிற பழைய சவரக்கத்தி இருந்தது, ஒரே கத்தி எல்லார் தாடையிலும் ஓடியது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுதான் அந்த வாரைச் சுவரிலிருந்து இறக்கியது. நல்லதுதான் நடந்தது. முதல் இழுப்பு முடி சாய்ந்த பக்கமாக, அடுத்தது எதிராக, கடைசியில் ஈரப் படிகாரம். எரிந்தால் எரியட்டும். தலை மசாஜ் கேட்டு வாங்குங்கள். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க வந்தால் மட்டும் "வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் காயம் பட்டால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

போதும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முடிவெட்டில் இரண்டு கத்திரி வேலைகள் உண்டு. ஒன்று விரலில் பிடித்து வெட்டுவது. இன்னொன்று சீப்பில் ஏற்றி வெட்டுவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் எத்தனை வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பேப்பர் படித்தவர்தான், சலூன் பார்த்தவர் இல்லை.

விரல் வெட்டு உச்சந்தலைக்கு. இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே முடியை வாரி நிமிர்த்திப் பிடித்து, விரலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்குவார். விரல்தான் அளவு. ஒரு பிடி, ஒரு நறுக்கு, விடு, அடுத்த பிடி. சுமாரான கைகூட இதை ஒப்பேற்றிவிடும். கொஞ்சம் தவறினாலும் மேலே நீளமாகக் கிடக்கிற முடி மறைத்துக்கொள்ளும். ஏசி கடைகளில் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் முடியைத் தூக்கித் தூக்கிப் பிடித்து வெட்டுகிறார்களே, வீடியோவில் எல்லாம் வருமே, அது இதுதான். பார்க்க அழகாக இருக்கும். அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் கிடையாது.

சீப்பு வெட்டு காதுக்கு மேலேயும் பிடரியிலும். அங்கே முடி விரலில் சிக்குகிற நீளத்தில் இருக்காது. சீப்பைப் பிடரியில் படுக்க வைத்து மேல்நோக்கி நகர்த்துவார், பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற முடியைக் கத்திரி கொய்துகொண்டே கூட ஏறும். இப்போது அவர் வலது கையைப் பாருங்கள். கத்திரியின் இரண்டு அலகில் ஒன்று அசையவே அசையாது. மோதிர விரல் மாட்டியிருக்கிற அலகு சீப்போடு ஒட்டினாற்போல் நிற்கும், கட்டைவிரல் மாட்டியிருக்கிற அலகு மட்டும் திறந்து திறந்து மூடும். இரண்டு அலகும் ஆடினால் ஆள் இன்னும் பழகவில்லை. இடது கையில் சீப்பு ஏற ஏறத் தோலை விட்டு விலகி வெளியே சாய்ந்துகொண்டே போகும். அந்தச் சாய்வுக்கு அளவு எழுதி வைத்தவர் யாரும் இல்லை, மணிக்கட்டுக்குத்தான் தெரியும். பிடரியின் அடியில் முடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தொடங்கி, எந்த இடத்தில் அடர்ந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி மேலே போய்ச் சேர வேண்டும். நடுவில் சீப்பு ஒரு கணம் தயங்கினால் அங்கே படி விழும். விழுந்த படி பத்து நாளைக்குப் பின்னந்தலையில் நிற்கும்.

சத்தத்துக்கு வாருங்கள். விரல் வெட்டில் சத்தம் விட்டு விட்டு வரும். சீப்பு வெட்டில் கத்திரி நிற்பதே இல்லை. சீப்பை எடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிற இடைவெளியில்கூட வெறும் காற்றில் 'சிக் சிக்'கென்று ஓடிக்கொண்டிருக்கும். விவரம் தெரியாதவர்கள் இதைப் பந்தா என்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். கை நின்று மறுபடி தொடங்கினால் வேகம் மாறும், வேகம் மாறினால் படி விழும். அதனால்தான் காற்றிலும் ஓட விடுகிறார். கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். காற்றில் ஓடும்போது மெல்லிய, சுத்தமான இரும்புச் சத்தம் மட்டும் வரும். முடியைத் தொடும்போது அதோடு ஒரு நறநறப்பு சேரும். தொடக்கத்தில் நறநறப்பு அதிகம். வேலை ஆக ஆகக் குறைந்து, கடைசிச் சுற்றில் பத்துக்கு ஒரு வெட்டில்தான் கேட்கும். காதை மட்டும் வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு வெட்டும் சந்திக்கிற ஒரு இடம் இருக்கிறது. நெற்றிப்பொட்டுக்கு மேலே தலை வளைந்து உச்சிக்குத் திரும்புகிற இடம். கீழே சீப்பு வேலை முடிகிறது, மேலே விரல் வேலை தொடங்குகிறது. கெட்டிக்காரர் அங்கே நேரம் எடுப்பார். அகலப் பல் பக்கத்தைத் திருப்பிப் பிடிப்பார், ஒரு அடி பின்னால் போவார், கண்ணாடியில் பார்ப்பார், மறுபடி வந்து நாலு முடியை எடுப்பார். கைவராதவர் வெட்டில் அங்கே விளிம்பு தெரியும். இன்றைக்குப் பையன்கள் கேட்டு வாங்குகிற பாக்ஸ் கட் என்ன செய்கிறது? அந்த இடத்தை இணைக்கவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டது. கீழே மெஷின், மேலே காடு, நடுவில் ஒரு கோடு. கஷ்டமான இடத்தை விட்டுவிட்டு அதற்கு ஸ்டைல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளித் தலைமை ஆசிரியர்கள் இப்படி வெட்டிவிடாதீர்கள் என்று சலூன்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள், ஒழுக்கம் கெடுகிறதாம். முடிக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அது சோம்பேறி வெட்டு என்று பையனிடம் சொல்லிப் பாருங்கள், யோசிப்பான். மெஷினிலேயே நம்பர் மாற்றி மாற்றி இழைத்துக் கொண்டுவருகிற நல்ல கைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீளத்தை முடிவு செய்வது மெஷினில் மாட்டிய பிளாஸ்டிக் சீப்பு.

சலூனைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எல்லாரும் அங்கே நடக்கிற அரசியல் பேச்சு, ரேடியோவில் இளையராஜா, எதிரெதிர்க் கண்ணாடியில் முடிவில்லாமல் போகிற பிம்பம் என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். நடுவில் ஒரு மனிதர் நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் சலூனில் நூலகம் வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் அவரோடு பேசினார், ஊரே எழுதியது. போற்ற வேண்டிய காரியம்தான். ஆனால் புத்தகத்தைப் பற்றி எழுதிய அத்தனை பேரில் அவர் கத்திரி எப்படி ஓடுகிறது என்று ஒருவராவது எழுதி நான் படித்ததில்லை. சினிமாவும் இப்படித்தான். முடி வெட்டுகிறவரை நாயகனாக வைத்த 'மண்டேலா' நல்ல படம், யோகி பாபு நன்றாகவே செய்திருந்தார், எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஒரு ஓட்டின் கதை. சீப்பை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ள அதைப் பார்க்க முடியாது.

கை என்றால் என்ன என்று சொல்கிறேன். மதுரையில் எங்கள் தெருக் கடை. நாற்காலியின் இரண்டு கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு ஆறு வயதுப் பையனை உட்கார வைத்திருந்தார்கள். அவன் அப்பா பெஞ்சில் இருந்தபடியே, "ஒட்ட வெட்டிருங்கண்ணே, ரெண்டு மாசம் தாங்கணும்" என்றார். முடி வெட்டுகிற பெரியவர் பதில் சொல்லவில்லை. வெறும் சீப்பை உச்சியில் இரண்டு தடவை ஓட்டினார், தண்ணீர்கூட அடிக்கவில்லை. பிறகு, "ரெட்டைச் சுழி தம்பி. இங்க ஒட்ட வெட்டினா குத்திக்கிட்டு நிக்கும், பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் சிரிக்கும். சுழியில அரை இஞ்ச் விட்டுடுறேன்" என்றார். அப்பா தலையாட்டினார். "ராசா, கீழ பாரு. அசையாத." பிடரியில் சீப்பு படுத்தது, கத்திரி ஓடத் தொடங்கியது. பையன் திடீரென்று தும்மினான். கத்திரி அப்போதும் நிற்கவில்லை. சீப்பை மட்டும் ஒரு விரல்கடை வெளியே எடுத்துவிட்டார், தும்மல் முடிகிற வரை கத்திரி காற்றில் ஓடியது, பிறகு விட்ட இடத்தில் சீப்பு உட்கார்ந்தது. பையன் இறங்கிப் போகும்போது பின்னந்தலையைப் பார்த்தேன். படி இல்லை.

இப்போது நமக்குள் சில விஷயங்கள். பெஞ்சில் கண்ணாடிக்கு நேரே உட்காராதீர்கள். ஓரமாக, நாற்காலியின் பக்கவாட்டும் பின்புறமும் தெரிகிற இடத்தைப் பிடியுங்கள். பெரியவர் ஒரு நாற்காலியிலும் பழகுகிற பையன் ஒரு நாற்காலியிலும் வேலை செய்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கும், நான் மேலே சொன்ன அத்தனையும் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். சுருட்டை முடிக்காரர் ஏறினால் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், சுருட்டை தப்பை எல்லாம் விழுங்கிவிடும். நேரான, தடித்த கருமுடிக்காரர் ஏறினால் டீக்குக்கூட எழுந்து போகாதீர்கள். அந்த முடி எதையும் மன்னிக்காது. அப்படி ஒருவர் வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தால், "நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று முன்னால் அனுப்பிவிடுவேன். என்னை நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் முறை வந்ததும், "அண்ணே, சைடும் பின்னாடியும் மெஷின் வேணாம், கத்திரியிலயே போடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு நொடி கண்ணாடி வழியாக உங்களைப் பார்ப்பார். மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, டிராயரைத் திறந்து மெல்லிய சீப்பைத் தேடுவார். கிருதாவை நேராக வைப்பதா, சாய்வாக வைப்பதா என்று மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். கேட்பார், யோசிக்க நேரம் தர மாட்டார்.