அரும்பு என்று ஒரு பெயர்

குழந்தையைப் பற்றி எழுதுவது சுலபம். குழந்தையின் மனசுக்குள் புகுந்து எழுதுவது அபூர்வம். ஜப்பானிய நடிகை தெத்சுகோ குரோயாநாகி தம் சிறுவயதுப் பள்ளியைப் பற்றி 1981-ல் வெளியிட்ட 'டோட்டோ சான்' அந்த அபூர்வ ரகம். தமிழிலும் வந்திருக்கிறது. வேறொரு பள்ளி வேண்டாமென்று அனுப்பிவிட்ட சிறுமியின் பேச்சை, தலைமையாசிரியர் கோபயாஷி நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். கைகால் வளர்ச்சி குன்றிய தகஹாஷி என்ற பையன் விளையாட்டு விழாவில் எல்லாரையும் ஜெயிக்கிறான். யாரும் அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அவன் உடம்புக்குத் தோதான பந்தயங்களாக வைத்திருக்கிறார் பெரியவர். பரிவு என்று அங்கே தனிப் பாடம் இல்லை. பந்தயத்தின் விதியிலேயே அது இருக்கிறது.

நம் பக்கம் பார்ப்போம். 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிற்று. பாட்டு, கதை, பொம்மை என்று பாடம். அவரவர் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிவு. 'மக்கு' என்ற பழைய வசை இருந்த இடத்தில் பூவின் பெயர்! இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகம். கும்மிடிப்பூண்டி ஆலைகளை நம்பி வடக்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். எழுத்து தெரியாத குழந்தையும் தமிழ் தெரியாத குழந்தையும் ஒரே அரும்புதானா? தன் பாஷையில் அது வீட்டையே இரண்டாக்கும் வாயாடியாக இருக்கலாமே! மனிதரை வகையாக்கினால் நாவல் செத்துப்போகும். வகுப்பும் அப்படித்தான்.

வழி இல்லாமலில்லை. இதே மாவட்டத்துச் செங்கல் சூளைகளில், ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழிப் புத்தகங்களோடு பள்ளி நடத்திப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்கேற்பப் பந்தயத்தை மாற்றிய கோபயாஷியின் வழிதான் அது.

மதிப்பீட்டைச் செல்போனில் ஏற்றவே பொழுது போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டதுண்டு. நாலு மணி நேரம் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிஷம் காது கொடுக்க அவர்களை விட்டுவைத்தால் போதும். எது அரும்பு, எது மலர் என்று அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.